பூச்சுக்குக் கீழே

பெயிண்ட் அடிப்பதில் தர்ம நியாயம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லைதான். சுவர் அழுக்காக இருந்தது; சுண்ணாம்பு அடித்தோம்; வெளுத்துவிட்டது. அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரர் ஏமாந்து போனார் என்று கேள்விப்பட்டதில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்த வீட்டை விற்கப் போகிறோம், கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல் ஓடுகிறது, அந்த விரிசலைச் சிமெண்டால் மெழுகி அதன்மேல் வெள்ளையடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே சுண்ணாம்பு, அதே மட்டைதான். காரியம் மட்டும் வேறாகி விடுகிறது.

மோட்டார் வண்டி விஷயத்தில் இந்தச் சங்கடம் நம்மைப் போன்றவர்களின் கொல்லைப்புறம் வரைக்கும் இப்போது வந்திருக்கிறது. கொண்டு வந்தது ஒரு சின்னக் கருவி. ஸ்பிரே கன் என்பார்கள். கைத்துப்பாக்கி போலவே பிடி, விசை எல்லாம் உண்டு. குண்டுக்குப் பதிலாகப் பெயிண்டைச் சுடும். முன்னெல்லாம் இது பட்டறைக்காரர்களின் சொத்து. வண்டிக்கு வர்ணம் மங்கினால் பட்டறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு, "டூகோ அடிக்க விட்டிருக்கிறேன்" என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் போய் வருவோம். இன்று அந்தக் கன் ஓராயிரம் ரூபாய்க்குள்ளேயே தபாலில் வீடு தேடி வருகிறது. காற்றுக்கு ஒரு சின்னக் கம்ப்ரஸர் வாங்கினாலும் ஆயிற்று, வாடகைக்கு எடுத்தாலும் ஆயிற்று. அப்புறம் தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தி, பழைய வேஷ்டியைக் கட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் பெயிண்டர் ஆகிவிடலாம்.

டூகோ என்பது உண்மையில் ஒரு கம்பெனிச் சரக்கின் பெயர். மோட்டார் வண்டிகளுக்கு முன்பு தூரிகையால் வார்னிஷ் பூசுவார்கள். பூச்சுக்கு மேல் பூச்சாகக் காய்ந்து முடிய வாரக் கணக்கில் ஆகும். அமெரிக்காவில் ட்யூபாண்ட் கம்பெனி 1923-ஆம் ஆண்டில் டூகோ என்ற பெயரில் சீக்கிரம் காயும் பெயிண்ட் ஒன்றைக் கொண்டு வந்தது. அதைக் காற்றால் தெளித்துத்தான் அடிக்க வேண்டும். தூரிகை நகர்வதற்குள் காய்ந்துவிடும். கம்பெனி ஒரு பக்கம் இருக்க, நம் ஊரில் எந்தப் பெயிண்டானாலும் வண்டிமேல் தெளித்தால் அது டூகோதான்.

தெளிக்கும் கருவிக்கு இதைவிட வேடிக்கையான பூர்வ கதை உண்டு. அமெரிக்காவில் டொலிடோ என்ற ஊரில் ஆலன் டிவில்பிஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளியின் தொண்டைக்குள் மருந்தைப் பனித்துளி போலத் தெளிப்பதற்காக 1888-இல் ஒரு கருவி செய்து விற்றார். அவருடைய மகன் பிற்காலத்தில் அதே யுக்தியைப் பெயிண்ட் தெளிப்பதற்குத் திருப்பினார். தொண்டைக்கு மருந்தாக வந்த கருவி இன்று யார் யார் தொண்டைக்குள் எதை அனுப்புகிறது என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போது போடிக்குப் போகலாம்.

போடிநாயக்கனூரில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஊர் விழித்துக்கொள்ளும். விழிக்க வைப்பவை ஜீப்புகள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பூப்பாறை, சாந்தாம்பாறை, ராஜாக்காடு என்று பரந்து கிடக்கும் ஏலத் தோட்டங்களுக்குக் காய் பறிக்கவும் களை எடுக்கவும் ஆட்கள் இங்கிருந்துதான் தினமும் போகிறார்கள். பெரும்பாலும் பெண்கள். சோற்றுத் தூக்கு ஒரு கையில், மழைக்குப் போர்த்திக்கொள்ள பிளாஸ்டிக் காகிதம் ஒரு கையில். இருட்டில் ஏறி, பதினேழு கொண்டை ஊசி வளைவு கடந்து போடிமெட்டுக்குப் போய், மாலையில் அதே வளைவுகளில் இறங்கி வருகிறார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறலாம் என்று சட்டம் சொல்கிறது, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது வேறு. அதை இங்கே எழுதப் புகுந்தால் கட்டுரை அந்தப் பக்கம் போய்விடும்.

ஜீப்பு இந்த மலைக்கென்றே பிறந்த வண்டி. யுத்தத்துக்காக அமெரிக்காவில் செய்த வில்லிஸ் ஜீப்பை 1947 முதல் மகீந்திரா கம்பெனி நம் நாட்டில் பூட்டி விற்றது. பிறகு எத்தனையோ மாடல்கள் வந்தன, போயின. மற்ற ஊர்களில் இவை காட்சிப் பொருளாகிவிட்டன. போடியில் இன்னும் கூலிக்கு ஓடுகின்றன. முப்பது வயசு வண்டி என்றால் அங்கே யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். எஞ்சினை மாற்றலாம், கியர் பெட்டியை மாற்றலாம். மாற்ற முடியாதது இரும்பை உண்ணும் துரு. கீழே போடியில் வெயிலும் புழுதியும். ஒரு மணி நேரம் மேலே ஏறினால் மேகமே ரோட்டில் படுத்திருக்கும். தினம் ஒரு தடவை நனைந்து ஒரு தடவை காயும் தகரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்? தோட்டத்துச் செம்மண் அடித்தட்டில் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால் வைக்கும் தரையும், வில் பட்டை சட்டத்தோடு சேரும் இடமும் வெளியே தெரியாமல் அரித்துக்கொண்டே போகும்.

இப்படிப்பட்ட வண்டிக்குத்தான் பெயிண்ட் அடிக்கிறார்கள். பூச்சு துருவுக்கு வைத்தியமா என்றால், ஒரு வகையில் வைத்தியந்தான். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை வந்து, அதன்மேல் பிரைமர் அடித்துப் பெயிண்ட் அடித்தால் வண்டியின் ஆயுசு கூடும். துருவின்மேலேயே பட்டி பார்த்து மெழுகி அடித்தால் துரு உள்ளே சௌகரியமாக வேலை செய்துகொண்டிருக்கும். யாருடைய கண்ணும் படாத இடத்தில் வேலை செய்வதற்கு அதற்கும் ஆசைதானே! இரண்டு வண்டியும் பட்டறையை விட்டு வெளியே வருகிற அன்றைக்கு ஒரே மாதிரி பளபளக்கும். எட்டு வருஷம் தாண்டிய வாடகை வண்டிகளை ஒவ்வொரு வருஷமும் எஃப்.சி.க்குக் காட்ட வேண்டும். அதற்கு முதல் வாரம் அடிக்கிற அவசரப் பூச்சுக்கு 'எஃப்.சி. பெயிண்ட்' என்றே பெயர். ஊரே ஒரு பெயர் வைத்துவிட்டபடியால் அதை மோசடி என்று யாரும் நினைப்பதும் இல்லை.

சர்க்காரும் நிறத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட்டிருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ராணுவ வண்டியைத் தவிர வேறெந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் நிறத்துக்கு ஓர் இடம் உண்டு. நிறத்தை மாற்றினால் தெரிவிக்க வேண்டும். நிறத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

மலிவு ஸ்பிரே கன்னை நான் குறை சொல்லப் போவதாக நினைக்க வேண்டாம். நான் அதன் கட்சி. பட்டறைக்காரர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிப்பதற்குக் காரணமும் உண்டு. விலையுயர்ந்த கன்னில் ஊசியும் வாயும் மயிரிழை பிசகாமல் கடைந்திருக்கும். பெயிண்ட் ஒரே அளவான துளிகளாகச் சிதறி விசிறி போல விரியும். மலிவானதில் அந்த நயம் இருக்காது. துளி பெரிதும் சிறிதுமாக விழுந்து தகரம் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி ஆகும். சின்னக் கம்ப்ரஸர் பாதி கதவு அடிப்பதற்குள் மூச்சு வாங்கும், கன் துப்பும். கையை ஓர் இடத்தில் அரை நிமிஷம் தயங்க விட்டால் பெயிண்ட் கண்ணீர் விட்டு வழியும். மேலே பனியில் நின்று அடித்தால் இன்னொரு தொல்லை: தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகரம் சில்லிட்டுப் போய், காற்றில் உள்ள ஈரம் அதன்மேல் படிந்து, பூச்சு சாம்பல் பூத்ததுபோல் வெளுத்துவிடும். கீழே போடியில் அடித்தால் ஆடிக் காற்றுப் புழுதி. இத்தனை இருந்தும், மறுபடி தண்ணீர் விட்டுத் தேய்க்கவும், மறுபடி அடிக்கவும், கடைசியில் பாலிஷ் போடவும் பொறுமை உள்ளவன் மலிவுக் கன்னாலும் பார்க்கும்படியாக அடித்துவிடலாம். வேலையில் முக்கால்வாசி உப்புத்தாளில்தான் இருக்கிறது. கன் கடைசியில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போகிற ஆசாமி.

இந்த உப்புத்தாளில்தான் நான் சொல்ல வந்த விஷயமும் இருக்கிறது.

பட்டறையில் விட்டபோது நமக்கு வண்டியின் மேல்தோல் மட்டும்தான் தெரியும். எங்கே ஓட்டை இருந்தது, அதைத் தகரம் வைத்துப் பற்றவைத்தார்களா, பட்டியை அப்பி மூடினார்களா என்பதெல்லாம் பட்டறைக்காரருக்கும் அவருடைய பையன்களுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். நாம் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. பிற்பாடு வண்டியை விற்கும்போது, "போன மாசந்தான் டூகோ அடிச்சது, சார். உள்ளே என்ன பண்ணினாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லலாம். அது பொய்யும் ஆகாது. அறியாமையைக் கூலி கொடுத்து வாங்கிக்கொண்டோம் என்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டிலேயே அடிக்கிறவனுக்கு அந்த வசதி போய்விடுகிறது. ஒவ்வொரு அங்குலத்தையும் அவன் கையாலேயே தேய்க்கிறான். தேய்க்கத் தேய்க்க வண்டி தன் சரித்திரத்தையெல்லாம் சொல்லிவிடுகிறது. இங்கே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, இங்கே எவனோ அரை அங்குலத்துக்குப் பட்டி அப்பியிருக்கிறான், இங்கே விரலால் அழுத்தினால் விரலே உள்ளே போகிறது. மிச்சம் பிடிப்பதற்காக வாங்கிய கருவி அவனைச் சாட்சியாக்கி விடுகிறது. சாட்சிக்கு இரண்டே வழி. சொல்வது ஒன்று, மறைப்பது ஒன்று. 'தெரியாது' என்ற மூன்றாவது வழியைப் பட்டறைக்காரரிடமே விட்டுவிட்டு வந்தாயிற்று.

"வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டுமே" என்று ஒரு நியாயம் உண்டு. பழைய நியாயம், சந்தை தோன்றிய நாளிலிருந்து இருக்கிறது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. போடியிலேயே அதற்கு நல்ல உதாரணம் ஏலக்காய் வியாபாரம். (ஏலம் என்ற சொல்லில் ஒரு சிலேடை தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏலக்காய் நம்முடைய சொல். கூவி விற்கும் ஏலம் போர்த்துக்கீசியர் விட்டுப் போனது. இரண்டும் போடியில் ஒரே கட்டிடத்தில் சந்திக்கின்றன.) ஸ்பைசஸ் போர்டின் ஏற்பாட்டில் நடக்கும் அந்த ஏலத்தில் இப்போது கூவுவதில்லை; கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறார்கள். ஆனாலும் மாதிரிக் காய் ஒவ்வொருவர் கைக்கும் வருகிறது. முதலில் பருமனும் பச்சையும் பார்ப்பார்கள். நல்ல பச்சைக்கு நல்ல விலை. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் மலை ஏலங்களில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய நாளும் உண்டு. அப்படிப்பட்ட சரக்கில் ஒரு நூல் பச்சை கூடினால் எவ்வளவு பணம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பச்சையைக் காப்பாற்ற என்னவெல்லாமோ செய்கிறார்கள். பறித்த காயை இரண்டு சதவிகிதம் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டெடுப்பார்கள், பச்சை நிற்கும். ஸ்டோரில் சூடு ஐம்பது டிகிரிக்கு மேலே போகாமல் இரவெல்லாம் விழித்திருந்து உலர்த்துவார்கள். வெளிச்சம் பட்டால் வெளிறும் என்று கறுப்புக் காகிதம் உள்ளே வைத்த சாக்கில் கட்டுவார்கள். இதெல்லாம் காயில் இருக்கிற நிறத்தைக் காயிலேயே நிறுத்தும் பாடு. வேறொரு கூட்டம் வெளிறிப்போன காயை வாங்கிப் பச்சைச் சாயம் ஏற்றுகிறது. போர்டு பல முறை எச்சரித்திருக்கிறது, சட்டம் தடுக்கிறது, ஆனாலும் நின்றபாடில்லை. சாயக் காயும் சோடாக் காயும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் உங்களுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது. தேர்ந்த வியாபாரி ஒன்று செய்கிறார். காயை நகத்தால் கீறி உடைத்து, உள்ளே அரிசி கறுத்து முற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஒரு காய் போனால் போகிறது.

ஜீப்பை அப்படி உடைத்துப் பார்க்க முடியாது. அங்கேதான் "பார்த்து வாங்கட்டுமே" என்கிற நியாயம் இடறி விழுகிறது. பார்க்க முடிகிற பொருளில் பார்க்காதது வாங்குகிறவன் குற்றம். பார்க்க முடியாதபடி நாமே பூசிவிட்டு, பார் என்று சொல்வது பரிகாசம். அதிலும் இந்த வியாபாரத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். விடியற்காலை இருட்டில் சோற்றுத் தூக்கோடு ஏறுகிற அந்த அம்மாள் வண்டியை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. வண்டி பச்சையா நீலமா என்று பார்க்கக்கூட அந்த நேரத்தில் வெளிச்சம் கிடையாது. பூச்சுக்குக் கீழே இருப்பது அவள் காலடியில் இருக்கிறது. அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

அவளைப் போலவே கேட்கப்படாத இன்னொருவர் அடுத்த வீட்டுக்காரர். பழைய மாதிரிக் கன்னில் ஊற்றுகிற பெயிண்டில் பாதிக்கு மேல் வண்டியில் ஒட்டாமல் காற்றோடு போய்விடும் என்பது பெயிண்டர்கள் அறிந்தது. குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைச் செலுத்தும் புது வகைகளில் சேதாரம் குறைவு. மலிவுச் சரக்கில் அப்படி ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி ஏமாறவும் கூடும். காற்றோடு போனது எங்கே போகிறது? கொடியில் காயும் புடவைக்கு, துளசி மாடத்துக்கு, தொட்டிலில் தூங்கும் குழந்தையின் மூக்குக்கு. இப்போதைய பெயிண்டுகளில் கடினமாக்கி என்று ஒரு திரவத்தைக் கலந்து அடிக்கும் வகை உண்டு. கண்ணாடி போல மினுங்கும். அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலுக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொடுக்கும். ஒரு தடவை உடம்பு அதற்குக் கூசிப் பழகிவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டை இதற்குக் காகிதக் குடைக்குச் சமானம். பெரிய பட்டறைகளில் தனி அறையும் வெளியிலிருந்து காற்று வரும் முகமூடியும் வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். வீட்டுப் பெயிண்டருக்கு அந்த வகை வேண்டவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். டாக்டர் டிவில்பிஸ் தொண்டைக்குள் அனுப்ப நினைத்தது மருந்தை.

இத்தனைக்கும் மேல் ஒரு ஆட்சேபம் உண்டு. அதுதான் கனமானது. உள்ளதைச் சொன்னால் விலை குறையும். குறைகிற அந்தத் தொகை பணக்காரனுக்குச் சில்லறை. பழைய வண்டியை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கிறவனுக்கோ பெண்ணின் பள்ளிக்கூடச் சம்பளம். யோக்கியதை என்பது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கா என்று அவன் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. வாங்குகிறவனும் அவனைப் போன்றவன்தான், அவனுக்கும் பெண் இருக்கிறாள் என்று நாம் சொல்லலாம். அது சரியான பதில். ஆனால் சரியான பதில் யாருடைய பள்ளிக்கூடச் சம்பளத்தையும் கட்டுவதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம். ஆளைத் தேடிப் போக வேண்டியதில்லை, உண்டாக்கிக் கொள்ளலாம். போடியில் ரிடையரான வாத்தியார் ஒருவரை வைத்துக்கொள்வோம். மலைக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலம். அதற்குப் போய்வர ஒரு கிழட்டு ஜீப். முழங்கால் வலி வந்துவிட்டது. வண்டியை விற்கத் தீர்மானித்தார். மலிவுக் கன் ஒன்று வாங்கி, ஒரு மாதம் தேய்த்துத் தேய்த்து வெள்ளை அடித்தார். தேய்த்தபோது இரண்டு விஷயம் கண்டார். டிரைவர் காலடித் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பின்பக்கம் வில் பட்டை சேரும் இடத்தில் சட்டத்தில் ஒரு கீறல். இரண்டையும் வெல்டிங் வைத்தார். மேலே பூசினார். இப்போது தெரியவில்லை, அவருக்கு மட்டும் தெரியும்.

வாங்க வந்தவன் தேவாரத்துப் பையன். தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஓட்டுவதற்கு வண்டி தேடுகிறான். கதவைத் தட்டிப் பார்த்தான், எஞ்சினைக் கேட்டான், வர்ணத்தைத் தடவிப் பார்த்துச் சொக்கிப்போனான். விலை படிந்துவிட்டது. முன்பணம் சட்டைப் பையிலிருந்து வெளியே வருகிற சமயம்.

"தம்பி, கொஞ்சம் இரு" என்று வாத்தியார் கால்மிதியைத் தூக்கிக் காட்டினார். பின்னால் போய்ச் சட்டத்தையும் சொன்னார்.

உள்ளேயிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. "ஏங்க, அந்தப் பையன்தான் ஒண்ணும் கேக்கலையே. நீங்களா எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

பையன் பணத்தை மறுபடி பைக்குள் வைத்தான். வாத்தியார் முகத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான். இதுவரைக்கும் இல்லாத ஒரு சந்தேகம் அவன் கண்ணில் வந்துவிட்டது.

"வாத்தியாரய்யா, நீங்க சொன்னது இந்த ரெண்டு எடந்தான். சொல்லாதது இன்னும் எத்தனை எடம் இருக்கு?"

வாத்தியார் பதில் சொல்லவில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச் லைட்டை எடுத்து, முழங்கால் வலியோடு வண்டிக்கு அடியில் படுத்தார். "நீயும் வா" என்றார்.